கிளிப்பச்சை மாங்காய்ச் சேலை

செங்கல்பட்டு பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பஷீருதீனுக்கு இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று விலை சொல்லுகிற குரல். அது தெருமுனை வரை கேட்கும். இன்னொன்று ரகசியம் சொல்லுகிற குரல். வாங்கலாமா வேண்டாமா என்று சேலையை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருக்கும் அம்மாளின் பக்கம் லேசாகச் சாய்வார். கடையில் வேறு ஈ காக்கை இல்லாவிட்டாலும் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்ப்பார். "இந்த டிசைன் ஒண்ணே ஒண்ணுதாம்மா வந்துது. உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன்" என்பார். முதல் குரலோடு மல்லுக்கு நின்றவர்கள் இரண்டாவது குரலுக்கு மறுபேச்சில்லாமல் பையைத் திறப்பார்கள்.

ஐம்பத்து நான்காம் வருஷம் மதராஸ் கோடவுன் தெருவில் அவருக்கு வாயில் என்கிற மெல்லிய பருத்திச் சேலை ஒரு மூட்டை அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. அத்தனையும் ஒரே அச்சு: கிளிப்பச்சையில் மஞ்சள் மாங்காய். ஒரே சேலையை மூட்டையாக வைத்துக்கொண்டு 'ஒண்ணே ஒண்ணு' என்று விற்பதற்குத் தைரியம் மட்டும் போதாது, பூகோளமும் தெரிய வேண்டும். கருங்குழி வாத்தியார் சம்சாரம் பெருந்தேவி அதைக் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போவாள். படாளத்துச் சந்திரம்மா கரும்புத் தோட்டக்காரி, கல்யாணம் காட்சிக்குத்தான் நல்ல சேலை எடுப்பாள். செங்கல்பட்டு கோர்ட்டு குமாஸ்தாவின் மனைவி வத்சலா நவராத்திரிக்கு நாலு வீடு போவாள், அவ்வளவுதான். இந்த மூன்று பேரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டுமானால் பூகம்பம் வந்தால்தான் உண்டு. இப்படிக் கணக்குப் போட்டே மூட்டையில் பாதியைத் தீர்த்துவிட்டார். அச்சேலைகள் வெளுத்து மெத்தென்று ஆகிற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அவர் கணக்கில் விட்டுப்போன இடம் அவருடைய வீடுதான். கடைக்குப் பின்னாலேயே வீடு. துணி வாங்க வருகிற பெண்கள் தண்ணீர் குடிக்க உள்ளே போனால் அவர் மனைவி சைதூனோடு பேசாமல் வெளியே வருவதில்லை. சைதூனுக்குப் பேசும்போதுகூடக் கை சும்மா இருக்காது. யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் காதுகுத்து என்றாலும் அவள் தைத்த தலையணை உறையோ பூப்போட்ட மேசைவிரிப்போ போய்ச் சேர்ந்துவிடும். கடைத்துணியைத் தூக்கிக் கொடுக்காமல் கையால் தைத்துக் கொடுக்கிறாளே என்று எல்லாருக்கும் அவள்மேல் தனி மதிப்பு. நூலோடு செலவு முடிந்துவிடுவதால் பஷீருதீனுக்கும் அதில் மதிப்புத்தான்.

இப்படி இருக்கையில் சதுரங்கப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்ட அவர் தங்கை அக்தர் பேகத்துக்கு வெகுநாள் கழித்து ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போர்த்துவதில்லை. பிள்ளைகளைப் பெற்று நல்லபடியாக வளர்த்த பெண்கள் உடுத்திய பழைய சேலைதான் ராசி. ஆகவே சைதூன் தன் சிநேகிதிகளிடம் ஆளுக்கு ஒரு பழைய சேலைத்துண்டு கேட்டு அனுப்பினாள். அத்தனையையும் ஒட்டுப்போட்டு ஒரு போர்வை, குழந்தையின் நாற்பதாம் நாளுக்கு.

மூன்று பொட்டலங்கள் வந்தன. பஷீருதீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சைதூன் எதிரில் உட்கார்ந்து பிரித்தாள். கருங்குழிப் பொட்டலத்தில் கிளிப்பச்சை மாங்காய். படாளத்துப் பொட்டலத்திலும் கிளிப்பச்சை மாங்காய். மூன்றாவதைப் பிரிப்பதற்குள்ளேயே அதில் என்ன இருக்கும் என்று பஷீருதீனுக்குத் தெரிந்துவிட்டது. பழசைக் கேட்டாலும் பெண்கள் பழசிலே பெருமையானதைத்தானே கொடுப்பார்கள்? ஊரில் வேறு ஒருத்தியிடமும் இல்லாத சேலையைவிடப் பெருமை எது?

"இன்னாங்க இது, மூணு பேரும் பேசி வெச்சிகினு குடுத்தாங்களா?" என்றாள் சைதூன்.

"மூணையும் தூக்கிப் பரண்மேல போடு. கடையில வேற துண்டு எவ்ளோ வோணும், எடுத்துக்கோ."

"கேட்டு வாங்கினத வெக்காம வுட்டா வந்து தேட மாட்டாங்களா?"

"தேடறதுக்கு சதுரங்கப்பட்டினத்துக்கா வரப் போறாங்க?"

"வராங்க. நாந்தான் கூப்ட்டேன். அப்டியே மாபலிபுரமும் பாத்துட்டு வரலாம்னு வத்சலா மாமி பஸ்ஸுகூட விசாரிச்சிட்டாங்க."

பூகம்பத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. பஷீருதீன் இலையை மூடிவிட்டுப் பேரத்தில் இறங்கினார்.

"சாயத்துல முக்கி எடுத்துடலாமா?"

"கொழந்த வாயில வெச்சி சப்பும்."

"சரி, ஒருத்தர்து மட்டும் வை."

"மத்த ரெண்டு பேரு மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது?"

"பேஜாரு புடிச்சவளே, என் யாவாரமே இதுல கீதுடி! அந்த 'ஒண்ணே ஒண்ணு' பேச்சு பொய்னு ஆயிட்டா, அப்புறம் எவ என் கடைப்படி ஏறுவா?"

கடைசியில் போர்வையின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை மல் துணி வைப்பது, விசேஷத்தன்று வெள்ளைப் பக்கத்தையே மேலே போடுவது என்று முடிவாயிற்று. சைதூன் சட்டென்று ஒத்துக்கொண்டாள். எதிராளி சட்டென்று ஒத்துக்கொண்டால் பயப்பட வேண்டும் என்பது எந்த வியாபாரிக்கும் தெரியும். அன்றைக்குப் பஷீருதீனுக்கு இருந்த நிம்மதியில் அது தோன்றவில்லை. அவள் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. கத்தரிக்கோல் எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

நாற்பதாம் நாள் அக்தரின் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கடற்காற்று பந்தல் துணியை வயிறு உப்ப வைத்துக்கொண்டிருந்தது. மூன்று சிநேகிதிகளும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, இளநீரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைப் பக்கம் மேலாகப் போர்த்திய குழந்தை தொட்டிலில் தூங்கியது. பஷீருதீன் தொட்டிலைவிட்டு நகரவே இல்லை. போர்வை கொஞ்சம் விலகினால் ஓடிப்போய் இழுத்துவிட்டார். தாய்மாமனின் பாசத்தைப் பார்த்து அக்தரின் மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

மருமகனுக்குத்தான் மாமன்மேல் பட்சம் இல்லை. போர்வையைத் தாராளமாக நனைத்துவிட்டுக் கையைக் காலை உதறினான்.

"குடுங்க, நானே அலசிப் போடறேன்" என்று பஷீருதீன் பாய்ந்தார்.

"நல்லாக்கீதே! ஆம்பளைய அலச வுடுவாங்களா?" என்ற மாமியார், போர்வையைப் பிடுங்கி அலசி, பந்தலுக்கு நேர் எதிரே கொடியில் விரித்துவிட்டாள். மாங்காய்ப் பக்கம் பந்தலைப் பார்த்தது.

"அதோ பாருங்கோ, அது என்னோட சேலை" என்றாள் பெருந்தேவி, குரலில் ஒரு மிடுக்கோடு. "ஒண்ணே ஒண்ணுதான் வந்துதாம்."

"எது மாமி, மேல் மூலையா? அது என்துங்க" என்றாள் சந்திரம்மா.

"இருங்கோ ரெண்டு பேரும். எனக்கு மட்டும்னு எடுத்து வெச்சதுன்னா அது!" என்று வத்சலா எழுந்தே விட்டாள்.

மூன்று தலைகளும் போர்வையைப் பார்த்தன, ஒன்றையொன்று பார்த்தன, பிறகு சேர்ந்தாற்போல் பஷீருதீன் பக்கம் திரும்பின.

"இன்னா பாய்," என்றாள் சந்திரம்மா, "ஜில்லாவையே ஏச்சிகினு கீற?"

பஜாரில் பழகிய நாக்கு அவரைக் கைவிடவில்லை. "ஊருக்கு ஒண்ணும்மா! கருங்குழிக்கு ஒண்ணு, படாளத்துக்கு ஒண்ணு, செங்கல்பட்டுக்கு ஒண்ணு. ஒரே ஊர்ல ரெண்டு பேருக்குக் குடுத்திருந்தா நாளைக்கே கடையப் பூட்டிடறேன்."

சந்திரம்மா யோசித்தாள். "அதுவும் ஞாயமாத்தான் கீது."

பஷீருதீன் மூச்சு விட்டார். அப்போதுதான் வத்சலா கேட்டாள்: "அப்போ நட்ட நடுவுல இருக்கே, அது யாரோடது?"

தட்டில் அல்வாவோடு வந்த சைதூன் நின்றாள். "அது என்து மாமி. போன பெருநாளைக்கு, 'ஒலகத்துலயே ஒண்ணுதான், உனக்குன்னு எடுத்து வெச்சேன்'னு குடுத்தாரு. கட்ட மனசு வராம பொட்டிலயே வெச்சிருந்தேன். கொழந்தைக்குப் புதுசு ஆவாதேன்னுதான் நாலு தண்ணி அலசினேன். நானும் செங்கல்பட்டுதானே?"

பஷீருதீன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். உடனே தரையைப் பார்த்தார். அவளுக்கும் அந்த இரண்டாவது குரலில்தான் சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"பூட்டு எங்க பாய்?" என்றாள் சந்திரம்மா. பெருந்தேவி இளநீர் புரையேறும்படி சிரித்தாள்.

"கடையப் பூட்ட வாணாம்" என்றாள் சைதூன். "மூட்டையில மிச்சம் கீற சேலைய வெட்டி, ஆளுக்கு ஒரு போர்வை இவரே தெச்சிக் குடுக்கட்டும். எனக்குந்தான்."

"மெஷின் கூடாது, கைத்தையல்" என்றாள் வத்சலா.

"ஆளுக்கு ஒரு தலகாணி உறைன்னு வெச்சிக்கலாமே?" என்று பழக்கதோஷத்தில் கேட்டார் பஷீருதீன்.

"போர்வை" என்றார்கள் நான்கு பேரும்.

அடுத்த வாரத்திலிருந்து பஷீருதீன் கல்லாவுக்குப் பக்கத்தில் ஊசியும் கையுமாக உட்கார்ந்தார். விரலில் குத்தும்போதெல்லாம் உள்ளேயிருந்து, "மெதுவாங்க" என்று சைதூனின் குரல் வரும். தையல் ஓரிடத்தில் ஏறும், ஓரிடத்தில் இறங்கும், கள் குடித்த எறும்பு மாதிரி வழி தவறித் திரும்பி வரும். ஆனாலும் சைதூனுடைய போர்வையைத்தான் முதலில் எடுத்தார். அதன் நடுவில் ஒரு மாங்காயைச் சுற்றி இரட்டைத் தையலும் போட்டார்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் அதைத் தூக்கிப் பார்த்தாள். "வேடிக்கையா கீதே! இதே மாதிரி எனக்கு ஒண்ணு கெடைக்குமா பாய்?"

பஷீருதீன் தன் தையலைப் பார்த்தார். இன்னொன்று இப்படி வரவேண்டுமென்றால் அவராலேயே முடியாது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குனிந்து சொன்னார்:

"ஒண்ணே ஒண்ணுதாம்மா. எம் பொஞ்சாதிக்கு."

"போ பாய்" என்றாள் அந்த அம்மாள். "உள்ள மூட்டையா வெச்சிருப்ப."