ஒரு காதும் இரண்டு குழாயும்

சூசைரட்ணத்தின் இடது காதுக்கு நான் பேசி முடித்த விலை நூற்றைம்பது ரூபா. றோலண்ட் துரை எழுபத்தைந்தில் தொடங்கினார். பாதி விலைக்குக் கேட்பவரிடம் இரு மடங்கில் முடிப்பது எங்கள் பரம்பரைக்குப் பழக்கம்தான்.

ஹட்டனில் கார்ச் சாமான் கடை வைத்திருந்த எனக்கு, எழுபத்து மூன்றாம் ஆண்டு ஏப்ரல் நல்ல மாதம். நுவரெலியாவில் மலையேற்றக் கார் ஓட்டம். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சின்னத்துரையாக, அதாவது உதவி மனேஜராக, இருந்த றோலண்ட், இரண்டு இருக்கைச் சிவப்புக் காரோடு கடைக்கு வந்தார். தோட்டத்து மெக்கானிக் சூசைரட்ணம் பின்னால் நின்றான்.

"டயர மாத்துங்க தொரை. பிரேக் லைனிங்கும் தேஞ்சிருச்சு. வளைவுல புடிக்கலைன்னா எஞ்சின் எவ்வளவு இழுத்தும் புண்ணியமில்லீங்க."

"டயர எவன்டா திரும்பிப் பாப்பான்?"

நான்கு வருடமாக விற்காமல் கிடந்த சைலன்சர் இல்லாத புகைக்குழாயைத் துடைத்து எடுத்து வைத்தேன். "தொரை, இது போட்டா லயத்து வீட்டுப் புள்ளைக்கெல்லாம் தூக்கம் போயிரும்." நானூறு ரூபா. பாதி கையில், மீதி ஓட்டம் முடிந்ததும். காட்ட எடுத்த டயர் அலமாரிக்கே திரும்பியது.

சூசைரட்ணம் ரப்பர்க் குழாய் இரண்டு துண்டு கடனாகக் கேட்டான். காரின் இரட்டைக் காபரேட்டருக்கு ஒவ்வொன்றாக வைத்து, மறு நுனிகளை இரண்டு காதிலும் செருகிக்கொள்வான். இரண்டும் ஒரே மாதிரி மூச்சு விடும்வரை திருகாணியை விடமாட்டான். மலையில் வேறு யாருக்கும் அந்தக் காது இல்லை. அவன் சோறும் அதில்தான் இருந்தது.

ஓட்டத்தன்று சத்தத்தில் றோலண்ட் முதலாவது. வளைவுக்கு வளைவு டயர் வழுக்கி, நேரத்தில் கடைசி. இறங்கி வந்தவர், கூட்டத்தின் நடுவே சூசைரட்ணத்தை ஓங்கி அறைந்தார்.

"இதாடா நீ டியூன் பண்ண லட்சணம்?"

அவன் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தான். 'அவன் கேட்டது டயர், புகைக்குழாயை விற்றது நான்' என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. துரை சட்டைப்பையில் என் இருநூறு ரூபாவும் இருந்தது.

இடது செவிப்பறை கிழிந்துவிட்டதென்று டாக்டர் சொன்னார். போலீசுக்குப் போகாமலிருக்கத்தான் நூற்றைம்பது.

பணம் வாங்க வந்தவன், ஒரு ரப்பர்த் துண்டை மேசையில் வைத்தான். "இனி ஒண்ணு போதுங்க மொதலாளி. இத எடுத்துக்குங்க."

"வெட்டுன சாமான் திரும்ப எடுக்கிறதில்ல சூசை."

கணக்கைப் படித்து, "சரிதானே?" என்றேன். அவன் ரப்பர்த் துண்டைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நான் நின்றது அவனுக்கு இடப்பக்கம். மேசையைச் சுற்றி வலப்பக்கம் வந்து மறுபடி படித்தேன்:

காது, நூற்றைம்பது. பேசி முடித்த கூலி, பதினைந்து. ரப்பர்க் குழாய் இரண்டு, இரண்டரை. கையில், நூற்று முப்பத்திரண்டரை. பாக்கி இல்லை.