ஆளுக்குப் பத்து நிமிடம்

போன வாரம் கறுப்பாகத்தானே இருந்தது இந்த டாக்டரம்மாவின் காதோர முடி, என்று வெள்ளைத்தாய் நினைத்துக்கொண்டாள். சொர்ணலட்சுமி டாக்டர் குனிந்து, அவளுடைய வலது கையை மடியில் ஏந்தி, உள்ளங்கையோடு ஒட்டிக் கிடந்த சுண்டுவிரலை நெல்லளவு நெல்லளவாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். இருவரும் அப்படி உட்கார்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வெளியே மூன்று நிமிடம் கழிந்திருந்தது.

அந்த ஆஸ்பத்திரி சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் சாலையில் இருந்தது. 1954இல் டாக்டர் அங்கே வேலைக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது. பட்டாசு ஆலைகளிலும் தீப்பெட்டி ஆலைகளிலும் வெந்துபோன கைகளை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவருவது அவர் படித்த படிப்பு. ஊரில் அவரைப் பழக்குற டாக்டரம்மா என்றார்கள். கூட்டம் பெருகவே ஆளுக்குப் பத்து நிமிடம் என்று நிர்வாகம் எழுதி ஒட்டியது. வெந்த விரல் பத்து நிமிடத்தில் நிமிராது என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் தன் அறைக்கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து அந்த அறைக்குள் பத்து நிமிடம் என்பது, வந்த கைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவாக இருந்தது. பலருக்கு ஒரு மணி, சிலருக்கு அரை நாள், முரண்டு பிடிக்கும் கைக்கு மூன்று நாள். சன்னல் வெயில் தரையில் விழுந்த இடத்தை விட்டு அசையாது. உள்ளே பசிக்காது, வெளியே வந்ததும் மொத்தமாகப் பசிக்கும். அதனால் வாசலில் இரண்டு இட்லிக் கடைகள் வந்தன. ஆனைக்குட்டத்திலிருந்து முழங்கால் மடங்காமல் வந்த நிறைமாதக்காரி ஒருத்தி, பத்து நிமிடத்தில் காலை மடக்கி நடந்து, கையில் பெண் குழந்தையோடு வெளியே வந்தாள். பிறந்த நேரம் எது என்று ஜோசியர்தான் கொஞ்சம் திண்டாடினார். மற்றபடி அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

வெள்ளைத்தாய் ஏழாயிரம்பண்ணைக்காரி. 1961இல் தீப்பெட்டி ஆலையின் காயப்போடும் கொட்டகை பற்றிக்கொண்டபோது அவள் வலது கை வெந்து, ஐந்து விரலும் உள்ளே மடிந்து ஒட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு இடது கையால் சாப்பிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பித்தான் சாப்பிட்டாள். எந்தக் கல்யாணப் பந்தியிலும் உட்காரவில்லை. புருஷன் உக்கிரபாண்டி, "யாரு பாக்கப் போறா, தின்னு" என்பான், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. ஏழு பிள்ளை பெற்ற தாய்க்கும் காடு கரை பார்த்த புருஷனுக்கும் அவளை உற்றுப் பார்க்க நேரம் இருந்ததில்லை. முதல் நாள் டாக்டர் அவள் கையைத் திருப்பித் திருப்பி ஒரு முழுப் பகல் பார்த்தார். தன் கைக்கு உலகத்தில் இவ்வளவு நேரம் இருக்கிறது என்பது, சாமி சன்னதியில் திரை விலகியதுபோல அவளைத் திகைக்க வைத்தது.

வெளியே வந்தபோது வாசல் காவலர் சங்கிலிமுத்து சிரித்தார்.

"ஏத்தா, வெத்தலையை இன்னும் மடிக்கக்கூட இல்ல. அதுக்குள்ள ஒரு கும்பிடு போட்டுட்டு ஓடியாந்துட்டியா?"

"ஒரு பகல் இருந்துட்டு வாரேண்ணே. நீங்க இன்னும் அதே வெத்தலையத்தான் மடிக்கீகளா?"

விரல் பழக டாக்டர் அவளுக்குக் கட்டை கொடுத்தார். மரச்சட்டத்தில் தீக்குச்சிகளை வரிசை வரிசையாக அடுக்கினால் அது ஒரு கட்டை. கட்டை அடுக்குகிறவர்கள் கடிகாரம் பார்ப்பதில்லை. சோத்துக்கு இன்னும் ரெண்டு கட்டை, பஸ்ஸுக்கு அஞ்சு கட்டை என்றுதான் பேசுவார்கள். ஆகவே அந்த அறையில் போன நேரத்தை மற்றவர்கள் உத்தேசமாகச் சொன்னார்கள், வெள்ளைத்தாய் சரியாகச் சொன்னாள். இரண்டு வருஷத்தில் உள்ளே ஆயிரத்து நானூறு கட்டை; நூறு நாள். தன் வயதில் நூறு நாள் கூடியதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை ஒருநாள் பார்த்தபோது மனசுக்குள் ஏதோ நின்றுபோனது. ஒவ்வொருவரும் தன் நேரத்தை மட்டும்தான் உள்ளே கழிக்கிறார்கள். எல்லோருடைய நேரத்தையும் ஒருத்திதான் கழிக்கிறாள்.

டாக்டருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. தம்பி கல்யாணப் படத்தில் அவரைப் பார்த்தவர்கள், அது மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அக்காவா என்று கேட்டார்களாம்.

நான்கு விரலும் நிமிர்ந்த அன்று வெள்ளைத்தாய் கேட்டுவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம இருக்குமா? என் பல்லு தானே விழுந்தது." டாக்டர் சிரித்தார். "பெருவிரல் ஒண்ணுதான் பாக்கி. அதுதான் கெட்டி. ஆறு மாசம் பிடிக்கும். இன்னைக்கே ஒரே இருப்பா இருந்து முடிச்சிருவோம். கையைக் கொடு."

பெருவிரல் வராவிட்டால் சோறு உருட்ட முடியாது என்பது வெள்ளைத்தாய்க்குத் தெரியும். இலை போட்ட பந்தி ஒன்று கண்ணுக்குள் வந்து போனது. கையை மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எதுக்குப் பயப்படுறே? நல்லா யோசிச்சுச் சொல்லு. இங்க என்ன அவசரம்?" என்றார் டாக்டர், நீட்டிய உள்ளங்கையை மடக்காமல்.

யோசிக்கிற நேரமும் அந்த உடம்பிலிருந்துதான் போகும் என்று வெள்ளைத்தாய்க்குத் தோன்றியது. அவள் யோசிக்கவில்லை.

"வேண்டாம்மா," என்று சொல்லி எழுந்தாள்.