இந்த மாதம் யாருக்கு எந்த அறை

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அப்படியில்லை. போன மாதம் புது வீட்டுக்குக் குடிவந்தோம். அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்து, "இது எங்க ரூம், இது பசங்க ரூம்" என்று பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அத்தை, "சரி, அடுத்த மாசம் யாருக்கு எது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். [அத்தைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. இந்த வயதிலும் அவள் மூளை என்னுடையதைப்போல் இரண்டு பங்கு வேலை செய்யும்.]

அதற்குப் பிறகு அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

2

முதல் வரியைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

"இருபது வயதில், ஒற்றைப் பெட்டியோடு, மழை கொட்டும் அயல்நாட்டு நகரம் ஒன்றில் அவள் இறங்கியபோது..."

அடித்துவிட்டேன். "மழையா? வெயில் மண்டையப் பிளந்துச்சுடா" என்றாள் அத்தை.

"அந்த வீட்டில் ஒரு ரகசியம்..."

ஒரு ரகசியமும் இல்லை. இருந்தது நான்கு அறைகள். வசித்தவர்கள் மூன்று பேர். கடை கடையாகப் போய்த் தராசு பழுதுபார்க்கிற தராசுக்காரர். பஸ் ஓட்டுகிற அவர் மனைவி. அந்த அம்மாவின் தம்பி. தம்பி ட்ரம்பெட் கற்றுக்கொண்டிருந்தார், கடைசிவரை கற்றுக்கொண்டுதான் இருந்தார். வீட்டு வேலைக்குப் போன அத்தை நான்காவது ஆள்.*

* அவர்கள் பேசியது வேறு மொழி. அத்தை சொல்லும்போது எல்லாரும் நல்ல தமிழில் பேசுகிறார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

3

மாதம் பிறந்தால் எல்லாரும் அறை மாறவேண்டும். அந்த வீட்டு வழக்கம் அது. தெருவைப் பார்த்துப் பெரிய ஜன்னல் வைத்த முன்னறை, தோட்டத்துப் பக்கம் பின்னறை, ஜன்னலே இல்லாத நடு அறை, சமையலறையை ஒட்டி ஒரு பொந்து. முதல் தேதி காலையில் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலு பேரும் நடைவழியில் நிற்பார்கள். தராசுக்காரர் தலையாட்டியதும் ஆளுக்கொரு கதவு. முன்னறையில் சுகமாக இருந்தவர் நேரே பொந்துக்கு. நல்ல அறை ஒருத்தருக்கே போனால் வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பது தராசுக்காரர் கட்சி.

வேலைக்கு வந்த பெண்ணுக்கு எடுத்த எடுப்பிலேயே முன்னறை விழுந்தது. கட்டிலைத் தொடப் பயந்து தரையில் படுத்தாள்.

"ஏம்மா, புருஷன் பொண்டாட்டிக்குத் தனித்தனி ரூமா?" என்று ஒருநாள் துணிந்து கேட்டாள்.

"அவர் குறட்டைக்கு என் பஸ் எஞ்சினே தேவலாம்" என்றார் பஸ்ஸம்மா.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். தராசுக்காரர் ரொம்ப நல்லவராகத் தெரிகிறார். யாரும் நம்ப மாட்டார்கள். அத்தையிடம் சொன்னேன்.

"யாரு, அவரா? கஞ்சப் பிசினாறி. ஒரே டீத்தூளை ரெண்டு தடவ கொதிக்க வெப்பார். அதையும் எழுதிக்கோ. ஆனா ஒண்ணு, தராசுத் தட்டுல விரல வெச்சு அழுத்தத் தெரியாத மனுஷன். பேச்சுலயும் அப்படித்தான். அதனாலதானே அவ்வளவு வம்பும் வந்துச்சு."

5

வம்பு ஓர் அதிகாரி உருவில் வந்தது. வெளிநாட்டுப் பணிப்பெண்களை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று வீடு வீடாகப் பார்ப்பது அவர் வேலை. அவர் சரியென்று எழுதினால்தான் அத்தைக்கு அனுமதி நீளும். இல்லையென்றால் மூட்டை கட்டவேண்டியதுதான். ஊரில் அவளுக்காகக் காத்திருந்தது, அவளைக் கேட்காமலே பேசி முடித்த ஒரு கல்யாணம். [மாப்பிள்ளை தங்கமான மனிதர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அத்தைக்கு வேண்டாம், அவ்வளவுதான்.]

அந்த மாதம் முன்னறை அத்தைக்கு. ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து அதிகாரி, "உங்க வேலைக்காரப் பொண்ணைக் கொஞ்சம் கூப்பிடுங்கம்மா" என்றார்.

"நான்தான் சார் அது."

"அப்போ இது யார் ரூம்?"

"இந்த மாசம் என்னுது."

யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நேரே சமையலறைப் பக்கம் போய்ப் பொந்தின் கதவைத் திறந்தார். உள்ளே பழைய பனியனோடு எடைக்கற்களைத் துடைத்துக்கொண்டிருந்தார் தராசுக்காரர்.

"இந்த ரூம்ல வசதியெல்லாம் எப்படி?"

வேறு யாராக இருந்தாலும் முதலில் "நீங்க யாரு?" என்று கேட்டிருப்பார்கள். இவர் நன்றாக யோசித்துப் பதில் சொன்னார். "ஜன்னல் சாத்தாது. ஃப்ரிட்ஜ் ராத்திரி பூரா உறுமுது. கால் நீட்டினா சுவர் இடிக்குது. மனுஷன் படுக்கிற இடமில்லைங்க இது."

"அந்தப் பொண்ணும் இங்க படுக்கிறதுண்டா?"

"அடுத்த மாசம் அவ முறை."

பணிப்பெண்ணுக்கென்று நிரந்தரமாக ஓர் அறை வேண்டும், மாதக் கடைசியில் வந்து பார்ப்பேன், இல்லையென்றால் அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

6

"கேட்டா அப்படியே கொட்டிடுறதா?" என்றார் பஸ்ஸம்மா, வேலை முடிந்து வந்ததும்.

"கேட்டார், சொன்னேன்" என்றார் அவர்.

தம்பி ட்ரம்பெட்டைக் கீழே வைத்தார். அந்த வீட்டில் அது நடந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

[இந்த இடத்தில் ஒரு பெரிய சண்டை எழுதி வைத்திருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லையாம். எடுத்துவிட்டேன்.]

தராசுக்காரர் எழுந்து போய் முன்னறைக் கதவில் உள்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் பொருத்தினார். "இது இனிமே உன்னுது. சுத்துற வேலைய நாங்க மூணு பேரும் பாத்துக்கறோம்" என்றார். எத்தனையோ வருஷமாக யாருக்காகவும் தளர்த்தாத வழக்கம் அது.

மாதக் கடைசியில் அதிகாரி வந்தார். இது யார் அறை என்று மறுபடி கேட்டார். "என் ரூம்" என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. எட்டுப் பேர் ஒரே கூடத்தில் படுத்து வளர்ந்தவள் அவள்.

"மிரட்டி வெச்சிருக்காங்களா? தைரியமா சொல்லும்மா."

"இல்ல சார். எனக்குன்னு ஒரு கதவு இதுக்கு முன்னாடி இருந்ததில்ல."

அவர் கையெழுத்துப் போட்டார். எப்போது வேண்டுமானாலும் திரும்ப வருவேன் என்றும் சொல்லிவைத்தார்.

7

இங்கேயே முடித்திருக்கலாம். அனுமதி கிடைத்தது, கல்யாணம் தப்பியது, சுபம். ஆனால் முதல் தேதி என்று ஒன்று வந்துதொலைக்கிறதே.

நடைவழியில் மூன்று பேரும் தலையணையோடு நின்றார்கள். முன்னறைக் கதவு திறந்தது. அத்தையும் தலையணையோடு வந்து வரிசையில் நின்றாள்.

"உனக்குத்தான் ரூம் இருக்கே" என்றார் தராசுக்காரர்.

"இந்த மாசம் என் முறை பொந்துங்க, ஐயா. நானும் இந்த வீட்டுல ஒருத்திதானே."

"அந்த ஆள் வந்து பார்த்தா ஊருக்கு அனுப்பிடுவான்" என்றார் பஸ்ஸம்மா.

"தெரியும்மா."

முடிவு ஒன்று: தராசுக்காரர் தலையாட்டுகிறார், அவள் பொந்துக்குள் போகிறாள். முடிவு இரண்டு: பஸ்ஸம்மா அவளை முன்னறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறார். இரண்டையும் எழுதி அத்தைக்குப் படித்துக் காட்டினேன். எந்த அறைக்குப் போனாய் என்று கேட்டேன்.

"ரூமை விடு. அவர் தலையாட்டவே இல்லடா. 'நீ சொல்லு, அதுவரைக்கும் நாங்க நிக்கிறோம்'னார். பஸ்ஸம்மாவுக்கு டியூட்டிக்கு நேரமாச்சு, நகரல. தம்பியும் நகரல. என்னைப் பெத்தவங்ககூட என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்படிக் காத்திருந்ததில்ல. எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும் அவங்க."

அதற்குமேல் அவள் சொல்லவில்லை. நானும் எழுதப்போவதில்லை. எந்தக் கதவு என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். அவசரமில்லை, அவர்கள் நிற்கிறார்கள்.