தடுப்புக் கம்பியில் நின்றவன்

வாக்கு எண்ணும் நாளில் மட்டும்தான் கோர்மக் ஹாக்கெட் வருவான். பள்ளி விளையாட்டரங்கில் எண்ணும் மேசைகளைச் சுற்றித் தடுப்புக் கம்பி போட்டிருப்பார்கள். கட்சி ஏஜெண்டுகள் அதில் சாய்ந்துகொண்டு சீட்டுகளை எட்டி எட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு நடுவே, நனைந்த கோட்டோடு, லோர்கன் டீகனின் கால்களையே பார்த்தபடி நிற்பான். அவன் செத்துக் கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. அவனைப் பார்ப்பவர் லோர்கன் மட்டும்.

லோர்கன் அப்போது ரத்மோய்ல் இரும்பு வார்ப்பாலையில் தொழிற்சங்கச் செயலாளர். வேலைநிறுத்தம் இழுத்துக்கொண்டே போனது. "சரக்கு ஏத்த லாரியே வந்தாலும் ஒரு அடி பின்னால போகாதீங்க" என்று ஆட்களிடம் சொன்னவர் அவர்தான். லாரி வந்தது. வாசலில் முன்வரிசையில் அவரும் கோர்மக்கும். லோர்கனின் கால்கள் அவரைக் கேட்காமலே பின்னால் போயின. கோர்மக் நகரவில்லை. மழையில் லாரி வழுக்கிக்கொண்டு வந்தது.

"தோளோடு தோள் நின்றோம்" என்று கல்லறையில் லோர்கன் பேசியதைக் கேட்டு நாடே அழுதது. அந்தப் பேச்சே அவரை டப்ளின் நாடாளுமன்றத்துக்குத் தூக்கிச் சென்றது. பிறகு இணை அமைச்சர் பதவி. ஒவ்வொரு வெற்றிக்கும் கோர்மக் வந்து நின்றான்.

இந்த முறை காற்று திசை மாறியிருந்தது. ஊர் மருத்துவமனையில் பிரசவ வார்டை மூட அரசு முடிவெடுத்தபோது லோர்கன் வாயே திறக்கவில்லை. அந்த வார்டுக்காகச் சுயேச்சையாக நின்றவர் கோர்மக்கின் மனைவி பிரீடா. மாலைக்குள், குறைந்த வாக்குகள் பெற்றதால் பிரீடா போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். அங்கே வாக்காளர்கள் சீட்டில் ஒன்று, இரண்டு என்று விருப்ப வரிசை போடுவார்கள். இனி அவருடைய சீட்டுகளில் இரண்டாவதாக யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்கு அந்த வாக்குகள் போய்ச் சேரும். தொகுதியில் மீதமிருந்த கடைசி இடம் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்தம்மா ஆளுங்க உங்களுக்கு ரெண்டாவது போடணும்னா மாதாவே எறங்கி வரணும், தலைவரே" என்றான் ஏஜெண்ட் ஃபெலிம். "வீட்டுக்காரம்மாகிட்ட தோட்ட வேலை ஏதாவது கேட்டு வைங்க."

லோர்கன் கம்பிப் பக்கம் பார்த்தார். கோர்மக் நின்றிருந்தான். ஆனால் அன்று அவருடைய கால்களைப் பார்க்கவில்லை. பிரீடாவின் சீட்டுகள் பிரிக்கப்படும் மேசையையும் அதன் பக்கத்தில் நின்ற நரைத்த பெண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

சீட்டுகள் ஒவ்வொன்றாக லோர்கனின் அடுக்கில் விழுந்தன. அவர் ஜெயித்தார். தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

வெளியே காரருகில் பிரீடா காத்திருந்தார். "என்னை வீட்ல விட்டுடு. கூட வந்தவங்கெல்லாம் பியர் குடிக்கப் போயிட்டாங்க."

வழியில் பழைய ஆலை வாசல் வந்தது. இப்போது அங்கே சூப்பர் மார்க்கெட். "நிறுத்து" என்றார் பிரீடா.

"எனக்கு எதுக்கு ரெண்டாவது போடச் சொன்ன?" என்று லோர்கன் கேட்டார். "ஊர்லயே என்னை அதிகமா வெறுக்கறவ நீ."

"இப்பவும்தான் வெறுக்கறேன். நீ பின்னால போனதைக் கேன்டீன் ஜன்னல்லேருந்து பாத்தவ நான்."

லோர்கன் என்ஜினை அணைத்தார்.

"அதை விடு. ஒவ்வொரு தேர்தலுக்கும் டிவியில உன்னைப் பாப்பேன். எல்லாரும் கேமராவைப் பாக்கறப்ப நீ மட்டும் அந்தக் கம்பியப் பாப்ப. இன்னிக்கு உள்ளயே நின்னு பாத்தேன். நீ பாத்த இடத்துல எனக்கு யாரும் தெரியல. உனக்குத் தெரிஞ்சுது. அவன்தானே?"

பொய் வரவில்லை. "ஆமா."

"எங்கிட்ட ஒருநாளும் வரல, லோர்கன். கனவுலகூட வரல. நீ தோத்துட்டா அப்புறம் அவன் எங்க வருவான்?" பிரீடா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எப்படி இருக்கான்?"

"கோட்டு நனைஞ்சிருக்கு. கழுத்துல பச்சை மஃப்ளர்."

"நான் பின்னினது. முடி நரைச்சிருக்கா?"

"இல்ல. அப்படியேதான் இருக்கான்."

பிரீடா கார் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். "அப்போ என்னை அடையாளமே தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சுது. இன்னிக்கு அவன் என் பக்கம் திரும்பவே இல்ல. உன்னைத்தான் பாத்துட்டிருந்தான்."

லோர்கன் மறுபடி காரைக் கிளப்பினார். வீட்டு வாசலில் இறங்கும்போது பிரீடா, "திங்கக்கிழமை வார்டு விஷயமா வருவேன். ஆபீஸ்ல இரு" என்றார்.

லோர்கன் இருந்தார். சில மாதங்களில் தன் அரசுக்கு எதிராகவே வாக்களித்தார். பதவியும் போனது, கட்சியும் போனது, வார்டு மூடப்படவில்லை. அடுத்த தேர்தலில் தனியாக நின்று தோற்றார். எண்ணி முடித்து விளக்கணைக்கும்வரை கம்பியையே பார்த்திருந்தார். அங்கே யாரும் வரவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பிரீடா அவரிடம் வருவார்.

"வந்தானா?"

"இல்ல."

"எனக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பார்.