ரெகினாவின் வயது

ரபி யோசுவா வைலரை நான் முதன்முதலில் கண்டபோது அவர் கையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. 1984ஆம் ஆண்டு மாரிகாலம். யூதப் பிள்ளைகளுக்கான சிறிய பள்ளிக்கூடமொன்றின் சமையலறையில் எனக்கு வேலை கிடைத்த முதல் நாள். அவர்களுடைய மார்க்கத்தின்படி அடுப்பை ஒரு யூதர்தான் பற்றவைக்க வேண்டும். பிறகு நான் சமைக்கலாம். அதனால் அந்தப் பள்ளிக்கூடத்தின் அதிபரும் மதகுருவுமான அவர் காலை ஆறரைக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே குனிந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, "குட்டன் மோர்கன், ஃப்ராவ் மனோகரி" என்று ஜேர்மன் மொழியில் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்.

அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. மனைவி இறந்துவிட்டார்; பிள்ளைகள் இல்லை. வாடகை அறை ஒன்றில் பதினொரு பிள்ளைகளோடு அவர் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் இப்போது எழுபது பேர் படித்தார்கள். வேதமும் கணக்கும் அவரே படிப்பித்தார். பின்னம் படிப்பிக்கும் நாட்களில் என்னிடம் உருளைக்கிழங்கு வாங்கிப் போவார். அரை, கால், அரைக்கால் என்று வெட்டிய துண்டுகளை மத்தியானம் ஒன்றுவிடாமல் கொண்டுவந்து, "சூப்புக்கு ஆகும்" என்று தருவார். விளங்காத பிள்ளையை அவர் அதட்டி நான் கேட்டதில்லை. "நான் பிழையான பக்கத்தால் தொடங்கிவிட்டேன். வா, மற்றப் பக்கத்தால் போவோம்" என்பார்.

அலுவலகத்தில் இருந்த ஃப்ராவ் லூதிக்கு அவர்மேல் ஒரேயொரு குறை. அவர் கைப்பட எழுதும் வகுப்புப் பட்டியல்களில் பெயர்கள் மட்டும்தான் இருக்கும். பிறந்த திகதிகளை எழுதவே மாட்டார். அந்தப் பத்தியை ஒவ்வொரு வருடமும் ஃப்ராவ் லூதிதான் நிரப்ப வேண்டியிருந்தது. வயதானவரின் மறதி என்று நான் நினைத்தேன்.

1986 சித்திரையில் என் தங்கை சிவகலா வந்து சேர்ந்தாள். இத்தாலிப் பக்கத்தால் எல்லை கடந்து வந்தவள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மிஞ்சியிருந்தது தம்பித்துரை மாமா மட்டும்தான். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் சகோதரியோடு இருக்க விடுவார்கள், நிரம்பியவர் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எங்கள் ஆட்களிடையே கதை இருந்தது. சிவகலாவுக்குப் பத்தொன்பது. ஆனால் மெலிந்து, சின்னப் பிள்ளை மாதிரி இருப்பாள்.

"பதினேழு எண்டு சொல்லு. 1969 எண்டு சொல்லு" என்றேன்.

"பொய் சொல்லப் பயமில்லை அக்கா. இடையில மறந்துபோய் உண்மையைச் சொல்லிப்போடுவன் எண்டுதான் பயமாக் கிடக்கு."

அவள் மறக்கவில்லை. நான்தான் மறந்திருந்தேன். வேலைக்கு விண்ணப்பித்தபோது என் வாழ்க்கைக் குறிப்பை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதில் கூடப்பிறந்தவர்களின் விபரமும் இருந்தது: தங்கை சிவகலா, பிறப்பு 1967. அவளை விசாரித்த வெளிநாட்டவர் பொலிஸ் அலுவலக அதிகாரிக்குச் சந்தேகம் வந்ததும், என்னுடைய பத்திரங்களின் பிரதியைக் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் போட்டுவிட்டார்.

கடிதம் வந்த மறுநாள் காலை ரபி அடுப்பைப் பற்றவைத்தார். போகவில்லை. காய்கறி வெட்டும் மேசையருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்து என் தாளை எடுத்து விரித்தார்.

"இதில் எழுதியிருப்பது சரிதானா, ஃப்ராவ் மனோகரி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

தாளிலிருந்து கண் எடுக்காமல் சொல்லத் தொடங்கினார்.

"1942இல் எனக்கு இருபது வயது. ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். யுத்தத்துக்குள் வராத இந்த நாட்டுக்குள், ஜூரா மலைப்பக்கம் எல்லையைத் தாண்டி ஒன்பது யூதப் பிள்ளைகள் தப்பி வந்திருந்தார்கள், தாய் தகப்பன் இல்லாமல். ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளவும் பட்டியல் எழுதவும் எங்கள் சபை என்னை அனுப்பியது. பெயர், பிறந்த திகதி. ரெகினா என்று ஒரு பெண். எல்லாருக்கும் தலை வாரி விட்டவள் அவள்தான். திகதி சொல்லத் தயங்கினாள். 'என்னிடம் சொல்லலாம், நான் ஆசிரியன்' என்றேன். சொன்னாள்."

தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது.

"மூன்றாம் நாள் ஒரு பொலிஸ்காரர் வந்தார். பதினாறுக்குக் கீழே என்றால் இருக்கலாம், மேலே என்றால் போக வேண்டும். 'எல்லாரும் பதினாறுக்குக் கீழேதானே?' என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் குறிப்புப் புத்தகத்தையும் மூடிவிட்டார். மூடிவிட்டார், ஃப்ராவ் மனோகரி! அந்த மனிதர் எனக்கு வழி விட்டிருந்தார். நான், 'ரெகினாவைத் தவிர. அவளுக்கு ஓகஸ்டில் பதினாறு முடிந்துவிட்டது' என்றேன். சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை... புத்தகத்தை மறுபடி திறக்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது."

"அந்தப் பிள்ளை?"

"அன்று பின்னேரமே எல்லைக்குக் கொண்டுபோனார்கள். யுத்தம் முடிந்த பிறகு பன்னிரண்டு வருடம் தேடினேன். ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை."

எழுந்து, என் தாளை நாலாக மடித்து அடுப்புச் சுடரில் பிடித்தார். விரல் சுடும்வரை பிடித்திருந்தார். அப்படியொரு பத்திரம் பள்ளிக்கூடத்தில் இல்லை என்று அன்றே பதில் எழுதினார். இரண்டு நாள் கழித்து அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டு, எங்கள் குடும்பத்தைப் பற்றி ரபிக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். "தங்கைக்குப் பதினேழு வயது. ரபி வைலர் சொன்னார் என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்று ரபி சொன்னதைப் பக்கத்து மேசையிலிருந்து ஃப்ராவ் லூதி கேட்டார். அவரும் வாய் திறக்கவில்லை.

மூன்று மாதம் நிம்மதியாகப் போனது. சிவகலா ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு ஏரிக்கரைக்கு வருவாள். ஜேர்மன் சொற்களைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்குவாள்.

எங்களைக் கவிழ்த்தது தம்பித்துரை மாமாவின் அன்பு. ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்று நான் எழுதிய கடிதம் அவருக்குப் போய்ச் சேரவில்லை. சிவகலாவின் வழக்குக்கு உதவும் என்று நினைத்து, அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்கு நாலு தரம் அலைந்து, பிறப்புச் சான்றிதழை எடுத்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, நேரே அந்தப் பொலிஸ் அலுவலகத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். 14 மார்ச் 1967.

செய்தி பள்ளிக்கூடத்துக்கும் வந்து, நிர்வாக சபை கூடியது. நான் அவர்களுக்குக் கோப்பி கொண்டுபோனேன். "பொலிஸுக்குப் பொய் சொன்ன ஒருவர் எங்கள் பிள்ளைகளுக்கு எதைப் படிப்பிக்கப் போகிறார்?" என்று தலைவர் கேட்டார். அவர் கெட்டவர் அல்ல, குரல் நடுங்கியது. ரெகினாவைப் பற்றி ரபி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கையில் பதவியை விட ஒத்துக்கொண்டார். பிள்ளைகளிடம் தானே சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் சொன்னார். நான் சூப் பரிமாறிக்கொண்டிருந்தேன். "நான் ஓர் அதிகாரியிடம் பொய் சொன்னேன். அதனால் போகிறேன்" என்றார்.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையை உயர்த்தினாள். "திரும்பவும் கேட்டால் திரும்பவும் சொல்வீர்களா?"

"சொல்வேன்."

"அப்படியென்றால் ஏன் போகிறீர்கள்?"

எழுபது பிள்ளைகளும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். "தெரியவில்லை, மிரியம்" என்றார் கடைசியில். "நீங்கள் பெரியவர்களாகி யோசித்துப் பாருங்கள்."

நவம்பரில் சிவகலாவை விமானத்தில் ஏற்றினார்கள். வழியனுப்ப ரபியும் வந்திருந்தார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். அவளிடம், "மன்னித்துக்கொள்" என்றார். அவள் கொப்பியில் படித்திருந்த ஜேர்மனில், "ஒன்றுமில்லை, ஹெர் ரபினர்" என்றாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. கடைசி 1987 ஓகஸ்டில். ஒக்டோபரில் அங்கே பெரிய சண்டை தொடங்கியது. அதன்பிறகு அவளிடமிருந்தும் இல்லை, மாமாவிடமிருந்தும் இல்லை.

அந்த மாரியில் ரபி நோயில் விழுந்தார். ஞாயிறுகளில் ஆசுபத்திரிக்குப் போவேன். "கடிதம் வந்ததா?" என்பதுதான் அவர் முதல் கேள்வி. "இன்னும் இல்லை" என்பேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஏழாவது ஞாயிறு என்னால் முடியவில்லை. ஓகஸ்ட் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன்.

"வந்தது, ஹெர் ரபினர்."

"வாசியுங்கள். உங்கள் மொழியிலேயே வாசியுங்கள்."

வாசித்தேன். "அக்கா, நான் சுகம். மாமாவுக்கு முழங்கால் நோ. சின்னப் பிள்ளையளுக்கு ரியூசன் குடுக்கிறன். குளிருக்குள்ள காதை மூடாமல் திரியாதை." குரல் உடைந்த இடங்களில் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை ஜேர்மன் மொழியில் சொன்னபோது, "படிப்பிக்கிறாளா?" என்று இரண்டு தரம் கேட்டார். கடிதத்தைக் காட்டும்படி கேட்கவில்லை. நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

ஒன்பது நாள் கழித்து இறந்துபோனார். அடக்கத்துக்குப் பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். சபைத் தலைவரும் வந்து மண் அள்ளிப் போட்டார். நான் ஃப்ராவ் லூதியோடு மயான வாசல் படலையடியில் நின்றேன்.

அடுத்த கிழமை செஞ்சிலுவைச் சங்கத்தில் காணாமற்போனவர்களைத் தேடும் படிவம் ஒன்று வாங்கி வந்தேன். பெயர், கடைசி முகவரி, தகப்பன் பெயர் எல்லாவற்றையும் அச்செழுத்தில் எழுதினேன். பிறந்த திகதி என்ற கட்டம் வந்ததும் பேனையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு எடுத்து, 14 மார்ச் 1967 என்று எழுதி அனுப்பினேன்.