எத்தனை கொக்கி

நான் கோபுரத்திலிருந்து கீழே போட்டது ஆளை அல்ல, பொம்மையை. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு அவகாசம் கிடைத்திருந்தால் என் தோள் எலும்பு இன்றைக்கு ஒரே துண்டாக இருந்திருக்கும்.

காற்றாலைக் கோபுரத்தில் மயங்கிப்போனவரைக் கயிற்றில் இறக்குவது எப்படி என்று நடுமேடையில் நின்று காட்டிக்கொண்டிருந்தேன். அதற்கென்றே ஒரு பொம்மை உண்டு. தடித்த மனிதனின் எடை, ஆரஞ்சு உடுப்பு, இடுப்பில் இரண்டு கொக்கி. ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று கம்பியில் மாட்டியிருக்க வேண்டும். இந்த வேலையின் முதல் பாடமும் கடைசிப் பாடமும் அதுதான். நான் அப்போது ஒரு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜோக் முடிகிற இடத்துக்கு வந்தபோது இரண்டு கொக்கியும் என் கையில் இருந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை.

பொம்மை விழுந்ததை வேலிக்கு வெளியே நின்றவர்கள் பார்த்தார்கள். அவர்கள் எல்லோரும் எங்கள் பழைய அனல் மின் நிலையத்து ஆட்கள். நிலையத்தை மூடி, அதன் நிலக்கரிக் கிடங்கிலேயே காற்றாலை வேலைக்குப் பயிற்சி மையம் திறந்தார்கள். பாய்லரில் கிடந்த என்னை, வாய் நீளம் என்ற ஒரே தகுதிக்காக, முதலில் படிக்க அனுப்பி வாத்தியாராக்கினார்கள். உள்ளே வரத் தேர்வு வைத்தது நான். தேறாதவர்கள் தினமும் வேலிக்கு வெளியே வந்து நின்று என் குடும்பத்தைக் கெட்ட வார்த்தையில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குடும்பத்தில் ஒருவன் அவர்களோடேயே நின்றான், என் தங்கச்சி புருஷன். கிரேன் ஓட்டியவன். தேர்வில் ஏணியின் பாதியில் அவசரப்பட்டு இரண்டு கொக்கியையும் ஒன்றாகக் கழற்றினான். பெயில் போட்டேன். கேன்டீனில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தங்கச்சி சும்மா எழுதிப் பார்க்கிறேன் என்று வந்து தேறிவிட்டாள். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுகள் மட்டும்தான் பேசிக்கொண்டன. ஆனாலும் அவள் ஹெல்மெட்டில் சிவப்பு டேப் ஒட்டிக் கொடுத்தவன் அவன்தான். மேலே ஏறுகிற கூட்டத்தில் தன் பெண்டாட்டி எது என்று வெளியிலிருந்து பார்க்க.

அன்று காலை பொம்மையின் ஹெல்மெட் வார் அறுந்திருந்தது. தங்கச்சியின் ஹெல்மெட்டைப் பிடுங்கி அதற்கு மாட்டினவன் நான். அவள் ஒரு வெள்ளை ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு எனக்கு மேலே உச்சி மேடையில் நின்றாள்.

பொம்மை கேபிள் உருளைகளுக்குப் பின்னால் போய் விழுந்தது. அதற்கு என்ன ஆயிற்றோ என்று பதறிக் கயிற்றில் இறங்கினேன். அதன் விலை அப்படி. நான் தரையைத் தொடும்போது, ஆளே விழுந்துவிட்டது என்று வெளியே நின்றவர்கள் வேலியைச் சாய்த்து உள்ளே வந்துவிட்டார்கள்.

"பொம்மைங்க, அது பொம்மைங்க" என்று குறுக்கே ஓடினார் எங்கள் மையத்து ஸ்டோர்காரர். மண்வெட்டிக் காம்பு அவர் வாயில் இறங்கியது. அவர் பல்லைத் துப்பிவிட்டு மறுபடியும் "பொம்மைங்க" என்றார். மறுபடியும் அடி விழுந்தது. பயிற்சியில் இருந்த எங்கள் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. கயிற்று நுனியில் இரும்புக் கொக்கியைக் கட்டிச் சுழற்றினார்கள். ஒருவனுக்குக் காது கிழிந்து கழுத்தெல்லாம் ரத்தம். ஒருவனைப் பிடித்துத் தள்ளி, அவன் விரல்கள் மேல் கேபிள் உருளையை உருட்டினார்கள். ஒரே பாய்லர் முன்னால் வருஷக்கணக்கில் வெந்தவர்கள் இல்லையா, யாருக்கு எந்த முழங்காலில் வலி என்று எல்லோருக்கும் தெரியும். அந்த முழங்காலாகப் பார்த்து அடித்தார்கள்.

புகைபோல எழும்பிய கரித்தூளுக்குள்ளிருந்து மாப்பிள்ளை வந்தான். கையில் இரும்புக் குழாய்.

"எத்தனை கொக்கி, மச்சான்?" என்றான். முதல் அடி தோளில். எலும்பு முறிகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது.

"எத்தனை கொக்கி?"

"ரெண்டு" என்றேன். சரியான விடைக்கும் அடி விழுந்தது, விலாவில். நான் வாத்தியாராக இருந்தவரை இவ்வளவு கண்டிப்பாக இருந்ததில்லை. மூன்றாவது அடி தலைக்கு வந்தது, குனிந்ததால் முதுகோடு போயிற்று. நான்காவதற்குள் தங்கச்சி கயிற்றில் இறங்கிவிட்டாள். வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றி அவன் மண்டையில் அடித்தாள். அவன் மண்டியிட்ட பிறகும் அடித்தாள். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்த பிறகுதான் நிறுத்தினாள். ஹெல்மெட் தலையைக் காப்பாற்றும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள் என்று அக்கறையாக எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கொடுத்தார்கள். எனக்குத் தோளிலிருந்து இடுப்புவரை கட்டு. அவனுக்குத் தலை முழுக்கத் தையல். எதிரே ஸ்டோர்காரர் கஞ்சியைக் குழல் வைத்து உறிஞ்சிக்கொண்டு எங்களை முறைத்தார்.

தங்கச்சி வாசலோடு நின்றாள். உள்ளே வரவில்லை. நர்ஸ் என்னைச் சக்கர நாற்காலியில் அவளிடம் கொண்டுபோய் விட்டாள்.

"போலீஸ்காரர் வந்தா என்னண்ணே சொல்லப் போறே?"

"படியில வழுக்கிட்டேன்னு சொல்றேன்."

"விளையாடாதண்ணே. அவரு எதுக்கு அடிச்சாருன்னு கேளு. நான் செத்துட்டேன்னு நினைச்சு அடிச்சிருந்தா இப்பவே உள்ள வந்து அவரு பக்கத்துல உக்காருறேன். பெயில் போட்டதுக்கு அடிச்சிருந்தா நான் உன் வீட்டுக்கு வந்துடறேன். அதோட சரி."

"நீயே கேளேன்."

"எங்கிட்ட அழுவாரு. அழுதா எனக்கு எதுவும் புரியாது."

கட்டிலுக்குத் திரும்பினேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு விடை வேண்டியிருந்தது. அவளுக்காக உடைந்த எலும்பு என்றால் வலி கொஞ்சம் குறையும் என்று தோன்றியது.

"மாப்பிள்ளை, எதுக்குடா அடிச்சே?"

"தண்ணி இருக்கா மச்சான்?"

இருந்த ஒரு கையால் எடுத்துக் கொடுத்தேன். குடித்தான்.

"எதுக்கு அடிச்சே?"

"கூட்டத்துல யாரு அடிச்சான்னு யாருக்குத் தெரியும்."

"பேரைச் சொல்லலை, மச்சான்னு கூப்பிட்டு அடிச்சே. அந்தக் கூட்டத்துல எனக்கு எத்தனை மாப்பிள்ளை?"

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஸ்டோர்காரர் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

"சிவப்பு டேப்பைப் பார்த்து அவதான்னு நினைச்சியா? அப்படின்னு சொல்லுடா. போலீஸ்ல அதையே சொல்லிடறேன். அவளும் உள்ள வந்துடுவா."

வழியைக் கோடு போட்டே காட்டிவிட்டேன். ஒரு 'ஆமா' போதும். வாசலில் தங்கச்சியின் நிழல் அசையாமல் நின்றது.

அவன் என் பக்கம் திரும்பினான். அழவில்லை.

"விழுந்தப்ப அவதான்னு நினைச்சேன். வேலியைச் சாச்சது அதுக்குத்தான். உள்ள வந்து நிமிர்ந்து பார்த்தேன் மச்சான். உச்சியில நின்னு ரெண்டு கையையும் ஆட்டுறா. அவ உசிரோட இருக்கறது தெரிஞ்சப்புறம்தான் குழாயைத் தேடி எடுத்தேன். அவ போயிருந்தா எனக்கு அடிக்கக் கை வந்திருக்காது."