கிழிசல் வட்டத்தின் கடைசி உறுப்பினர்

உலக ஓவியம் இரண்டு இடங்களில் உடைந்தது. முதலில் பாரிசில், பிறகு யாழ்ப்பாணத்துக் குருநகரில். பாரிசில் உடைத்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்பதால் குருநகர் உடைவுதான் வரலாற்றில் நிற்கும் என்பது அடைக்கலநாதனின் முடிவு. 1985இல், இருபத்திரண்டு வயதில், கரையில் கவிழ்த்துப்போட்டிருந்த வள்ளத்தின்மேல் ஏறி நின்று அவன் இதை அறிவித்தான்.

"இனி ஓவியத்திலை மனிச முகம் செல்லாது. முகம் முடிஞ்சுது."

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். இருவரும் சிரிக்கவில்லை, அந்த உடைவில் அவர்களுக்கும் பங்கிருந்தது. ஒருவன் அடுத்த ஒழுங்கை யாகோப்பு. மற்றவன் முருகேசு, நீர்வேலியில் தகப்பனின் வாழைத்தோட்டத்திலிருந்து சைக்கிளில் வந்துபோகிறவன். மூவரும் தொடங்கியதை ஓவிய இயக்கம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இயக்கம் என்ற சொல்லை அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் வேறு ஆட்கள் எடுத்துவிட்டிருந்தார்கள். அவர்களோடு போட்டிக்குப் போகும் உத்தேசம் இவர்களுக்கு இல்லை. ஆகவே 'கிழிசல் வட்டம்' என்று பெயர் வைத்தார்கள்.

வட்டத்தின் கொள்கை எளியது. ஒரு சாடியைச் சாடிபோலக் கீறுவதற்கு ஐரோப்பியர்கள் ஐந்நூறு வருஷம் பாடுபட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் பத்திரிகைத் தாளையும் சுவர்த்தாளையும் வெட்டிப் படத்தில் ஒட்டி, அவ்வளவு பாட்டையும் ஒரு கத்தரிக்கோலால் முடித்துவைத்தார்கள். உலகம் துண்டுதுண்டாகத்தான் கிடக்கிறது. அதை முழுசாகக் காட்டுகிறவன் பொய்யன். ஒட்டினால் ஒட்டின இடம் தெரியவேண்டும்.

வட்டம் ஒரேயொரு கண்காட்சி நடத்தியது, ரியூட்டறி என்கிற தனியார் வகுப்பு ஒன்றின் ஓலைக் கொட்டிலில். பஸ் ரிக்கற்றுகள், அறுந்த வலைத்துண்டுகள், கிழித்த பஞ்சாங்கம் எல்லாம் பலகைகளில் ஒட்டப்பட்டிருந்தன. வந்தவர்களில் பெரும்பாலானோர் இரசாயன வகுப்பு என்று நினைத்து வந்தவர்கள். ஒரு பெட்டை யாகோப்பின் படைப்பு முழுவதையும் கொப்பியில் பார்த்தெழுதிக்கொண்டு போனாள். சோதனையில் அவளுக்கு என்ன புள்ளி வந்தது என்று தெரியாது.

கண்காட்சிக்குப் பலன் இல்லாமற் போகவில்லை. கொட்டில்காரரான ரியூட்டறி மாஸ்ரர் அடுத்த மாத நோட்டீசை ஓரம் கிழிந்ததுபோல அடிப்பித்தார். அதைப் பார்த்து ஒரு நகைக்கடை, நகைக்கடையைப் பார்த்து அச்சகங்கள். வருஷம் முடிவதற்குள் மரபை உடைத்த கிழிசல், கல்யாண அழைப்புக் காட்டுகளில் ரோசாப்பூவுக்குச் சட்டமாகிவிட்டது. அடைக்கலநாதன் மனம் தளரவில்லை. பாரிசில் உடைத்ததும் கடைசியில் சவர்க்கார விளம்பரத்தில்தான் வந்து சேர்ந்தது என்று நண்பர்களுக்கு விளக்கினான்.

பிறகு விளக்குவதற்கு நண்பர்கள் இல்லை. முருகேசு மாஸ்கோ வழியாக ஜேர்மனிக்குப் போனான். நவீன ஓவியம் நிரம்பிய நகரம் ஒன்றிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது: 'மியூசியம் பக்கத்திலைதான். ஞாயிற்றுக்கிழமையும் கோப்பை கழுவுறன்.' யாகோப்பு லண்டன் போனான். அவன் தபாலட்டையும் போடவில்லை. அடைக்கலநாதனின் தமையன் கனிசியஸ் அதற்கு முன்பே கனடாவுக்குப் போயிருந்தான். வட்டத்தின் கூட்டங்களை அடைக்கலநாதன் தனியாக நடத்தினான். தீர்மானங்கள் எதிர்ப்பின்றி நிறைவேறின.

சாப்பாட்டுக்காக அவன் சேர்ந்த இடம் யாழ்ப்பாண ரவுனில் பரமலிங்கத்தின் படப்பிடிப்பு ஸ்ரூடியோ. பரமலிங்கம் சண்டிலிப்பாய்க்காரர், தலைமயிருக்கு மை பூசுகிறவர். தன்னுடைய படங்களில் எவரும் கறுப்பாக இருப்பதில்லை என்று பெருமையாகச் சொல்வார். அவருடைய முக்கிய வியாபாரம் சேர்ப்புப் படம். கல்யாணத்துக்கு வரமுடியாத வெளிநாட்டு மகன் தன் படத்தை அனுப்புவான். அதை வெட்டிக் குடும்பப் படத்தில் தகப்பனுக்குப் பக்கத்தில் ஒட்டி, ஓரத்தைத் தீற்றி மறைத்து, திரும்பவும் ஒருமுறை படமெடுத்தால் குடும்பம் முழுசாகிவிடும். முகம் மட்டும் அனுப்பினாலும் பாதகமில்லை. பரமலிங்கத்தின் பிஸ்கற் தகரப் பேணிக்குள் கோட்டுப் போட்ட உடம்புகள் கிடந்தன. வலிகாமத்தில் பல வீட்டுப் பிள்ளைகள் ஒரே கோட்டோடு சுவரில் நின்றார்கள்.

"அண்ணை, இந்தக் கல்யாணத்திலை ரெண்டு சூரியன் எரியுது," என்பான் அடைக்கலநாதன். "மாப்பிள்ளைக்கு இடப்பக்கத்தாலை வெளிச்சம், தமையனுக்கு வலப்பக்கத்தாலை."

"தமையன் நோர்வேயிலை நிக்கிறான். அங்கத்தை வெயில் வேறை."

"இது பொய்யண்ணை."

"ஒட்டுறது உங்கடை ஆக்கள் கண்டுபிடிச்சது எண்டு நீதானே சொன்னனீ?"

"நாங்கள் உடைஞ்சதைக் காட்ட ஒட்டுறம். நீங்கள் மறைக்க ஒட்டுறியள்."

"உடைஞ்சதைப் பாக்க ஆரடா ஸ்ரூடியோவுக்கு வாறது? றோட்டாலை போனால் காணும். கதையை விட்டிட்டு அந்தப் பேணியை எடு, ஓவியர்."

1989இல் தங்கை அற்புதராணிக்குக் கல்யாணம் நடந்தது. தாய் அருமைநாயகி ஒன்றைத்தான் கேட்டாள்: எல்லாப் பிள்ளைகளும் நிற்கிற ஒரு படம். கனிசியஸ் ரொறன்ரோவிலிருந்து தன் படத்தை அனுப்பியிருந்தான். சின்னவன் வேலை செய்வது ஸ்ரூடியோவில். இதைவிட லேசான காரியம் உலகத்தில் இல்லை என்று அவள் நினைத்தாள்.

அடைக்கலநாதன் தன் வாழ்நாளின் மிகத் துணிச்சலான படைப்பைச் செய்தான். கல்யாணப் படத்தில் தாய்க்குப் பக்கத்தில் ஓர் ஆளின் வடிவத்தில் வெட்டி எடுத்து, அந்த ஓட்டையோடு சட்டம் போட்டுக்கொண்டுவந்து கொடுத்தான்.

"உது ஆர்?" என்றாள் அருமைநாயகி.

"அண்ணை."

"எங்கை?"

"அவர் இல்லாததைத்தானம்மா காட்டியிருக்கு. அதுதான் உண்மை."

அவள் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள், மகன் அங்கேயாவது நிற்கக்கூடும் என்று நினைத்தவள்போல.

"ஓட்டையைக் காட்டி இது என்ரை மூத்தவன் எண்டு ஆருக்கடா சொல்லுறது?"

அவன் இல்லாத நேரம் பார்த்து அவள் பரமலிங்கத்திடம் போய் வேறு பிரதி எடுத்து, மூத்தவனை ஒட்டுவித்து, திருஇருதயப் படத்துக்குக் கீழே கொழுவினாள். சாப்பிடும்போது அடைக்கலநாதன் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பான். ஒருநாள் மட்டும் திரும்பிப் பார்த்து, "ஒட்டு தெரியுது," என்றான்.

"எனக்குத் தெரியேல்லை," என்றாள் அருமைநாயகி.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியது. மின்சாரம் போனது. கரையோரத்தில் இருக்கமுடியாமல் வீடு பூட்டப்பட்டது. அடுத்த வருஷங்களில் கனிசியஸ் தாயையும் தங்கையையும் அவள் புருஷனையும் கனடாவுக்குக் கூப்பிட்டான். தங்கையின் புருஷன் முன்பே கொழும்பில் நின்றவன். அடைக்கலநாதனின் வயதில் உள்ள ஆண்களுக்கு யாழ்ப்பாணத்தை விட்டுப் போக இயக்கம் கொடுக்கும் பாஸ் கிடைக்காது. கிளாலியில் கடனீரேரி தாண்டும் படகு ஏறும் இடம்வரைக்கும் அவன் சைக்கிளில் தாயின் பையைக் கட்டிக்கொண்டு போனான். அற்புதராணி அழுதாள். அருமைநாயகி படகில் இருந்தபடி, அவன் சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டச் சொல்லிக் கையால் காட்டினாள்.

அதன்பிறகு அவன் ஸ்ரூடியோவின் பின்னறையில் படுத்தான். பரமலிங்கம் காலையில் வந்து மத்தியானம் சண்டிலிப்பாய்க்குத் திரும்பிவிடுவார். மிச்சப் பொழுதில் சுவர் நிறைய ஒட்டின குடும்பங்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. முதலில் அவன் அவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தான். பிறகு, காலையில் கதவைத் திறக்கும்போது, "எழும்பியாச்சோ," என்று கேட்கத் தொடங்கினான். இதை எந்தக் கலைக்கொள்கையிலும் சேர்க்கமுடியாது என்பது அவனுக்குத் தெரியும்.

93ஆம் ஆண்டு ஒரு திங்கட்கிழமை பெர்னடெட் ஸ்ரூடியோவுக்கு வந்தாள். குருநகரில் பக்கத்து வீடாக இருந்தவள். கொழும்புக்குப் போய்வந்திருந்தாள்.

"உனக்கு ஒரு சாமான்," என்று பையிலிருந்து கடுதாசி உறையை எடுத்தாள். "கொம்மா கொழும்புக்கு அனுப்பினவ. வியாழக்கிழமை நான் திரும்பப் போறன். அதுக்கிடையிலை தரவேணும்."

உள்ளே ஒரு கலர்ப் படம். யாரோ ஒருவரின் வரவேற்பறை. கனிசியஸ், அற்புதராணி, அவள் புருஷன், அருமைநாயகி. தாய் சீலைக்குமேல் மூத்தவனின் பெரிய கோட்டைப் போட்டிருந்தாள். கனிசியசுக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்குமளவு இடம் வெறுமையாக இருந்தது. அருமைநாயகியின் வலக்கை உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, எதையோ பிடிக்கிறமாதிரி அந்தரத்தில் நின்றது.

"அம்மா என்ன சொன்னவ, அக்கா?"

"ரெலிபோனிலை சொன்னவ. நீயே உன்னை ஒட்டி அனுப்பட்டாம். வேறை ஆரும் தொடக்கூடாதாம்." பெர்னடெட் பையின் வாயைக் கட்டினாள். "ஏலாதெண்டால் அப்பிடியே திருப்பிக் குடுக்கட்டாம். ஓட்டையோடையே கொழுவுறாவாம். வாறவை கேட்டால், இதுதான் என்ரை சின்னவன் எண்டு சொல்லுவாவாம்."

"பகிடிக்குச் சொல்லியிருப்பா."

"எனக்குத் தெரியாது. சொல்லேக்கை சிரிக்கேல்லை."

அவள் போனபிறகு அவன் படத்தைச் சுவரில் சாத்திவைத்துத் தூரநின்று பார்த்தான். வட்டத்தின் கொள்கைப்படி இது ஒரு பூரணமான படைப்பு. தாய் ஒருத்தி, பக்கத்தில் இல்லாதவன், நடுவில் உண்மை. தான் செய்ததைவிட நூறு மடங்கு மேலானது என்பதை விமர்சகனாக அவன் ஒப்புக்கொண்டான். செவ்வாய்க்கிழமை முழுவதும் அதைத் தொடவில்லை. சாப்பிடும்போது மட்டும் படத்துக்கு நேராக இருந்தான். அந்தக் கை இறங்கவேயில்லை.

புதன் காலையில் பரமலிங்கம் வந்தபோது, அவன் தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து, தோய்த்த சேட்டின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு நின்றான்.

"ஆருக்குக் கலியாணம்?"

"எனக்கு ஒரு படம் வேணும், அண்ணை."

"பாஸ் படத்துக்கு எண்டு பொத்திப்பொத்தி வைச்சிருக்கிற பிலிம். கறுப்பு வெள்ளைதான்."

"ஓம், அதே காணும்."

பரமலிங்கம் மேசையில் கிடந்த ரொறன்ரோ படத்தைப் பார்த்தார். பிறகு கமராவைத் துடைத்தார். அடைக்கலநாதன் முற்றத்துச் சுவரோரம் போய் நின்றான். ரொறன்ரோப் படத்தில் யன்னல் வெளிச்சம் நிற்பவர்களுக்கு இடப்பக்கம். வெயில் சரியாக இடக்கன்னத்தில் விழும்வரைக்கும் இடம் மாறி மாறி நின்று பார்த்தான். பிறகு இடது முழங்கையை மடித்துக் கொஞ்சம் வெளியே நீட்டினான்.

"ஏன்ரா சரிஞ்சு நிக்கிறாய்? நேரை நில்."

"அம்மா கட்டை, அண்ணை. கை எட்டவேணும்."

பரமலிங்கம் எடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றும் எடுத்தார்.

படம் கழுவிக் காய்ந்ததும் அவர் சண்டிலிப்பாய்க்குப் போய்விட்டார். அடைக்கலநாதன் கதவைச் சாத்திக்கொண்டு யன்னலடியில் இருந்தான். வட்டத்தின் பழைய வண்ணப்பெட்டியில் சிவப்பும் மஞ்சளும் கட்டியாகிக் கிடந்தன. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் பூசத் தண்ணீர் விட்டுக் கரைத்தான். சேட்டுக்கு நீலம் லேசாக வந்தது. முகத்துக்குத்தான் நிறம் பிடிபடவில்லை. தன் நிறம் என்னவென்று அவனுக்குத் தெரியாது, ஸ்ரூடியோக் கண்ணாடியோ பாதரசம் போய் எல்லோரையும் மஞ்சளாகக் காட்டுவது. கடைசியில் தாயின் கன்னத்தைப் பார்த்துப் பார்த்துக் கலந்தான். அந்த ஊர்க் குளிரில் அவள் சாடையாக வெளிறியிருந்தாள். அந்த வெளிறலையும் சேர்த்து எடுத்து, நுனித் தூரிகையால் தன் முகத்துக்குப் பூசினான்.

பிறகு பிளேட்டால் உருவத்தை வெட்டி, மறுபக்கத்து ஓரத்தை அரத்தாளால் தேய்த்தான். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாகும்வரை தேய்த்தான். ஊதினால் பறக்கும்போல இருந்தது. யன்னலைச் சாத்தினான். அரைக்கோப்பை கோதுமை மாவில் காய்ச்சிய பசையைக் குச்சியால் தடவி, தமையனுக்கும் தாய்க்கும் நடுவில், அவளுடைய கை தன் முழங்கையில் வந்து பொருந்தும்படி வைத்தான். ஓரிடத்தில் மட்டும், அவளுடைய சுட்டுவிரல் படுகிற இடத்தில், ஓரம் மயிரிழையாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அதன்மேல் விரலை வைத்து, பசை காயும்வரை எடுக்காமல் இருந்தான்.